லண்டன் பக்கம் மேடு பள்ளமான ஓட்டப் பாதை வேண்டும், கார் இல்லை

டூட்டிங்வாசி:
வணக்கம். சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன். எல்லாம் நடைபாதையில்தான். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களைச் சுற்றி, குப்பைத் தொட்டியைத் தாண்டி, சிக்னலில் நின்று நின்று 10 கி.மீ.க்கு 58 நிமிடம். அக்டோபரில் ஓர் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேன். அப்புறம்தான் பாதைப் படத்தைத் திறந்து பார்த்தேன். முழுக்கக் குன்று, வயல், காடு. ஐஐடி வளாகத்துப் புள்ளிமான்களைப் பார்த்துக்கொண்டே சமதரையில் ஓடிப் பழகியவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே மேடு கத்திப்பாரா மேம்பாலம்.

ரயிலிலோ பஸ்ஸிலோ போய் இறங்கி ஓடக்கூடிய அழகான பாதை எது? தார் ரோட்டில் ஓடி முட்டி வேறு முனகுகிறது.

வல்லைவெளி:
தம்பி, டூட்டிங்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? விம்பிள்டன் ஸ்டேசனில் இறங்குங்கோ. மேட்டில் ஏறி வில்லேஜைக் கடந்தால் விம்பிள்டன் காமன் என்ற பெரிய பொதுவெளி. 1817இல் கட்டின காற்றாலை ஒன்று நடுவில் நிற்கும், அதைக் குறி வைத்து ஓடினால் வழி தவறாது. மற்றப் பக்கம் இறங்கினால் பெவர்லி புரூக் என்று ஒரு சின்ன ஓடை, பிறகு பெரிய ரோட்டைச் சிக்னலில் கடந்தால் ராபின்ஹூட் கேட். அதற்குள்ளே போனால் ரிச்மண்ட் பார்க்.

சுற்றி ஓடுகிற மண்பாதைக்கு டாம்சின் ட்ரெயில் என்று பெயர், கிட்டத்தட்ட 11.5 கி.மீ. நான் நியூ மால்டனுக்கு வந்து இருபத்தைந்து வருடம், இதில் எத்தனை சுற்று ஓடியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கடிகார முள் சுற்றும் திசையில் ஓடுங்கோ. அப்போ ராபின்ஹூட் கேட்டில் இருந்து லேடர்ஸ்டைல் கேட் வரை உள்ள ஏற்றம், கால் களைக்க முன்னமே முடிந்துவிடும். கிங்ஸ்டன் கேட்டுக்கு இறக்கம், ஹாம் கேட் தாண்டி மறுபடி ஓர் ஏற்றம், மேலே பெம்புரோக் லாட்ஜ். தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரசல் சின்ன வயதில் வளர்ந்த வீடு. அங்கே நின்று மேற்கே பாருங்கோ, தேம்ஸ் பள்ளத்தாக்கு முழுதும் விரிந்து கிடக்கும். சரியான வடிவு.

அந்தத் தோட்டத்துக்குள் கிங் ஹென்றிஸ் மவுண்ட் என்று ஒரு மண்திட்டி. ஒரு தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். பற்றை வேலியில் சாவித் துவாரம் மாதிரி ஓர் ஓட்டை விட்டு வெட்டியிருக்கும். அதற்குள்ளால் பார்த்தால் 16 கி.மீ. தூரத்தில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் கோபுரம். அந்தப் பார்வையை மறைத்துக் கட்டடம் எழும்பக்கூடாது என்று சட்டப் பாதுகாப்பே உண்டு. மூச்சு வாங்குகிற சாட்டில் நான் ஒவ்வொரு முறையும் அங்கே நிற்பேன். அங்கேயிருந்து ஷீன் கேட், ரோஹாம்ப்டன் கேட் பக்கம் பெரும்பாலும் இறக்கமும் சமதரையும்தான்.

ஐந்துநிமிடம்:
எல்லோரும் ரிச்மண்ட் பார்க்கையே சொல்வார்கள். நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் புஷி பார்க் போங்கள். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசலுக்கு எதிரே. நல்ல சமதரை. 2004 அக்டோபர் 2ஆம் தேதி 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன், அதாவது வாராவாரம் பூங்காவில் நடக்கும் இலவச 5 கி.மீ. ஓட்டம், அங்கேதான் பிறந்தது. சரித்திரம் வேண்டுமென்றால் அங்கேயும் உண்டு. செஸ்ட்நட் அவென்யூ என்ற மரச்சாலை கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் திட்டமிட்டது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுத் தளபதி ஐசனோவரின் தலைமையகம் அந்தப் பூங்காவுக்குள்தான் இருந்தது. என்னுடைய 5 கி.மீ. சாதனை நேரம் அங்கே ஓடியது. மேட்டில் ஏறி இறங்கி வேகத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

கோவைக்காரி:
@ஐந்துநிமிடம், அவர் கட்டியிருப்பது மேட்டுப் பாதைப் பந்தயத்துக்கு. புஷி பார்க்கில் பயிற்சி எடுத்துவிட்டு அங்கே போனால் ஏழாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவார்.

டூட்டிங்வாசி, ஒரு வேலை செய்யுங்கள். வாட்ச்சில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும் திரையை எடுத்துவிடுங்கள். மேட்டில் அந்த எண் உங்களைத் திட்டிக்கொண்டேதான் இருக்கும். மூச்சு எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பேச முடிகிற அளவுக்கு ஓட்டம், பேச முடியாத செங்குத்தில் நடை. நடப்பதில் வெட்கமே வேண்டாம், மலைப்பாதைப் பந்தயங்களில் முன்வரிசைக்காரர்களே நடக்கிறார்கள். முட்டியையும் தொடையையும் பதம் பார்ப்பது இறக்கம்தான். குதிகாலைக் குத்திப் பிரேக் போட்டு இறங்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்குங்கள்.

ரிச்மண்ட் பார்க்கில் நாலைந்து வாரம் ஓடிப் பழகிய பிறகு பாக்ஸ் ஹில் போங்கள். விம்பிள்டனிலேயே டார்க்கிங் போகும் வண்டி கிடைக்கும். பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் ஸ்டேஷனில் நிற்கும் வண்டிதானா என்று பார்த்து ஏறுங்கள், எல்லாம் நிற்காது. இறங்கிக் கொஞ்ச தூரத்தில் மோல் ஆறு. குறுக்கே மிதிகற்கள் வரிசையாக இருக்கும். போர்க்காலத்தில் எதிரி வந்தால் பயன்படுத்திவிடுவான் என்று அவற்றை எடுத்துவிட்டார்கள். 1946இல் பிரதமர் அட்லி வந்து திரும்பத் திறந்துவைத்தார். கற்களைத் தாண்டியதும் படிக்கட்டு. நான் எண்ண ஆரம்பித்து நூறுக்கு மேல் விட்டுவிட்டேன். பழனி யானைப்பாதை மாதிரி சாய்வாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், படிப்பாதை மாதிரி நேராக ஏறும்.

மேலே சாலமன்ஸ் நினைவு மேடை. அங்கிருந்து நார்த் டவுன்ஸ் வே பாதையைப் பிடித்துக் கிழக்கே ரைகேட் வரை ஓடலாம். ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்கு 14, 15 கி.மீ. வரும். போன வழியே திரும்ப வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

டூட்டிங்வாசி:
நன்றி அண்ணா, நன்றி கோவைக்காரி. மூன்று சந்தேகம். மான் துரத்துமா? மலைப்பாதைக்கு என்று தனி ஷூ வாங்க வேண்டுமா? வழி தெரியாமல் போனால்?

வல்லைவெளி:
மான் உங்களைத் துரத்தாது, நீங்கள் அதன் வழியில் நிற்காதவரை. பார்க்கில் 600க்கு மேல் மான். செந்நிறப் பெரிய மானும் புள்ளி போட்ட ஃபேலோ மானும் இருக்கு. செப்டம்பர், அக்டோபரில் இணைசேரும் காலம். அப்போ கலைமான்கள் கொம்பில் பெரணித் தழையைச் சுற்றிக்கொண்டு உறுமிக்கொண்டு திரியும். மே முதல் ஜூலை வரை குட்டி போடும் காலம், தாய்மானுக்குக் கோபம் கூட. 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கோ, படம் எடுக்கவும் கிட்டப் போகாதையுங்கோ. பாதைக்குக் குறுக்கே நின்றால் புல்லில் இறங்கிச் சுற்றிப் போங்கோ. நான் ஒருமுறை மூடுபனியில் குனிந்துகொண்டு ஓடிவந்து நிமிர்ந்தால், பத்தடியில் ஒரு கலை. மூக்கால் ஆவி போகுது, கொம்பில் ஈரப் புல் தொங்குது. அது அசையவில்லை, நானும் அசையவில்லை. பிறகு பின்பக்கமாகவே நடந்து வந்தேன். அன்றைக்கு என் வாட்ச்சில் விழுந்த இதயத்துடிப்பைப் பந்தயத்தில்கூட நான் கண்டதில்லை.

சப்பாத்து: கோடையில் ரிச்மண்ட் பார்க்குக்கு உங்களிடம் இருக்கிறதே போதும். பாக்ஸ் ஹில்லுக்குப் பல்லு வைத்த அடிதான் வேண்டும். அது சுண்ணாம்புக்கல் மலை, மழை நனைந்தால் சவர்க்காரம் பூசின மாதிரி வழுக்கும்.

ஒரு கதையும் சொல்லவேண்டும். 1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் மான் வேட்டைக்காக ஊர்ச் சனத்தின் காணியையும் சேர்த்துச் சுற்றி மதில் எழுப்பின இடம்தான் ரிச்மண்ட் பார்க். சனம் பாதையையாவது விடச் சொல்லிக் கேட்டது, விட்டார். நூறு வருடம் கழித்து இரண்டாம் ஜார்ஜின் மகள் இளவரசி அமீலியா பொறுப்புக்கு வந்து, அனுமதிச்சீட்டு இல்லாமல் ஒருவரும் வரக்கூடாது என்று பூட்டிவிட்டா. ரிச்மண்டில் பியர் வடிக்கிற ஜான் லூயிஸ் என்ற ஒரு ஆள் கேட்டில் போய் நின்று, தடுத்தார்கள் என்று வழக்குப் போட்டார். 1758இல் கிங்ஸ்டனில் தீர்ப்பு, வென்றது அவர். கதவு வேண்டுமா, மதிலில் ஏணிப்படி வேண்டுமா என்று நீதிபதி கேட்க, கதவென்றால் பூட்டலாம், ஏணி போதும் என்றார். ஏணி வைத்தார்கள், ஆனால் படிகளுக்கு நடுவே வேண்டுமென்று இடைவெளியைக் கூட்டி. லூயிஸ் திரும்பவும் நீதிபதியிடம் போனார். கிழவிகளும் ஏறக்கூடிய மாதிரிச் செய் என்று உத்தரவு வந்தது.

லேடர்ஸ்டைல் கேட் என்று நான் மேலே எழுதினேனே, ஏணிப்படி என்ற அந்தப் பெயர் அங்கேயிருந்துதான். ஸ்டைல் என்றால் வேறொன்றும் இல்லை, எங்கட ஊர் வேலியில் ஏறிக் கடக்க இருக்கிற கடப்புத்தான்.

ஐந்துநிமிடம்:
25 வருடமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், இந்த ஏணிக் கதை தெரியாது. அந்த கேட் வழியாக நூறு தடவை போயிருப்பேன்.

பள்ளத்தில்விழுந்தவன்:
தாமதமாக வருகிறேன். என் பெயருக்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு பழைய மாளிகைப் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே பச்சைப் புல்வெளி ஒரே விரிப்பாக மாளிகை வரை போகிறது, தூரத்தில் ஆடு மேய்கிறது, நடுவே வேலி எதுவும் இல்லை. நேராக ஓடினேன். தரை சட்டென்று முடிந்தது. என் உயரத்துக்கு ஒரு பள்ளம். மாளிகைப் பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு. நல்ல வேளை, நான் வந்தது சரிவுப் பக்கம். புல்லில் சறுக்கி அடியில் போய் உட்கார்ந்தேன். ஆடுகள் நிதானமாகத் திரும்பிப் பார்த்தன.

அதற்குப் பெயர் ஹாஹா. சிரிக்கவில்லை, நிஜமாகவே அதுதான் பெயர். மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலி கண்ணில் படக்கூடாது, ஆடுமாடும் தோட்டத்துக்குள் வரக்கூடாது, அதற்காகத் தரைக்குக் கீழே ஒளித்துவைத்த மதில். பதினெட்டாம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரவுன் போன்ற தோட்ட வடிவமைப்பாளர்கள் இதை நிறையப் பயன்படுத்தினார்கள். அவருடைய உண்மைப் பெயர் லான்சலட். நிலத்தைப் பார்த்ததும் சொந்தக்காரரிடம் இதற்கு நல்ல சாத்தியம் (ஆங்கிலத்தில் கேப்பபிலிட்டி) இருக்கிறது என்பாராம், அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், சசெக்ஸில் பெட்வர்த் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. 700 ஏக்கர். அலை அலையாய் ஏறி இறங்கும் புல்மேடு, நடுவே ஏரி, அங்கங்கே மரக்கூட்டம், ஃபேலோ மான் மந்தை. இயற்கை என்றால் இதுதான் என்று தோன்றும். 1750களில் பிரவுன் வரைந்த திட்டம் அது, ஏரியே ஓடையை அணைகட்டித் தேக்கியது. டர்னர் அங்கே தங்கி அந்த ஏரிக்கரை அந்தியை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். அதற்குள் ஓடும்போது ஒன்று கவனித்தேன். ஒரு மேட்டின் உச்சிக்கு வந்தால்தான் அடுத்த காட்சி தெரியும், அதுவரை ஒளிந்திருக்கும். ஓடுகிறவனை இழுத்துக்கொண்டு போவதற்கென்றே செய்தது மாதிரி. புல் என்பதால் முட்டிக்கும் நிம்மதி. ஒரே குறை, பக்கத்தில் ரயில் கிடையாது. பல்பரோவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் பஸ் நேரத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

கோவைக்காரி:
ஹாஹாவில் விழுந்தவரை இன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறேன் 😄

வழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே தனியார் வயலுக்கு நடுவேயும் பொதுப்பாதை உண்டு, சொந்தக்காரர் மறிக்க முடியாது. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. நார்த் டவுன்ஸ் வே மாதிரி தேசியப் பாதைகளில் ஓக் மரக்கொட்டைப் படம் போட்டிருக்கும், அந்தக் கொட்டையை விடாதீர்கள். ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் 146ஆம் தாள் பாக்ஸ் ஹில் பக்கம். போனில் சார்ஜ் தீர்ந்தால் காகிதம்தான் துணை.

மாடு மேயும் வயலில் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகவே போகாதீர்கள். நம் ஊர் மாடு மாதிரி ஹாரன் அடித்தாலும் நகராத சாது என்று நினைத்து ஒரு நாள் போய்விட்டு, வேலி தாண்டிக் குதித்தவள் சொல்கிறேன்.

இன்னொன்று உண்ணி. மான் இருக்கிற இடத்தில் உண்ணியும் இருக்கும், கோடையில் இடுப்பளவு பெரணி வளர்ந்த பாதையில் அதிகம். லைம் நோய் வரலாம். வீட்டுக்கு வந்ததும் முட்டியின் பின்புறம், இடுக்குகள் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுக்க வேண்டும். தீக்குச்சி, எண்ணெய் என்று பாட்டி வைத்தியம் வேண்டாம். அப்புறம் ஒரு மாதம் வரை சிவப்பு வட்டம் படர்கிறதா என்று பார்த்து, வந்தால் டாக்டரிடம் போங்கள்.

பெண்கள் யாராவது படித்தால்: குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், காட்டுக்குள் இன்னும் சீக்கிரம். நான் மதியத்துக்கு முன்பே ஓடி முடித்துவிடுவேன், வீட்டில் லொக்கேஷன் பகிர்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

ஐந்துநிமிடம்:
சரி, நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நேராகவும் வேண்டும், மேடும் வேண்டும் என்றால் விண்ட்சர். கோட்டை வாசலிலிருந்து லாங் வாக் என்று அம்பு விட்ட மாதிரி நேர்ச்சாலை, நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டாம் சார்லஸ் காலத்தில் மரம் நட்டுத் தொடங்கியது. கடைசியில் குன்றின்மேல் மூன்றாம் ஜார்ஜின் குதிரைச் சிலை. கோட்டையிலிருந்து பார்த்தால் சிலை கட்டைவிரல் அளவு. ஓடிக்கொண்டே இருப்பீர்கள், அது பெரிதாகவே ஆகாது. வேகப் பயிற்சிக்கு அருமையான இடம், மனதுக்குத்தான் தண்டனை.

டூட்டிங்வாசி:
முதல் அறிக்கை. ரிச்மண்ட் பார்க் ஒரு சுற்று, 1 மணி 19 நிமிடம். அண்ணா சொன்ன திசையிலேயே ஓடினேன். லேடர்ஸ்டைல் மேட்டில் இரண்டு முறை நடந்தேன். பெம்புரோக் லாட்ஜில் அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன், கோபுரம் தெரிந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சிறுவன் “முடிஞ்சதா?” என்று தமிழில் கேட்டான். என் பனியனில் சென்னை என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டானாம். அவன் அம்மா முறைத்தார்.

வழியில் ஒரு ஓக் மரம். நான்கு பேர் கை கோத்தாலும் அடங்காத அடிமரம், உள்ளே பொந்து. அதன் நிழலில் ஏழெட்டு மான் படுத்துக்கொண்டு காதை மட்டும் ஆட்டின. 50 மீட்டர் தள்ளித்தான் நின்றேன், சத்தியமாக.

முட்டி வலிக்கவில்லை. மறுநாள் தொடைதான், மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன்.

வல்லைவெளி:
ஒரு மணி பத்தொன்பது நல்ல நேரம் தம்பி. நடந்ததைச் சொன்னதற்கு இன்னும் பத்து மார்க். மழைக்காலம் வந்தால் அந்த ரோஹாம்ப்டன் பக்கத்துப் பாதை சேறாகும், எதிர்க்காற்றும் அடிக்கும். அப்போ விளங்கும் ஏன் எனக்கு இந்தப் பெயர் என்று. சின்ன வயதில் யாழ்ப்பாணத்து வல்லை வெளியால் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவன், எந்தக் காற்றும் எனக்குச் சொந்தக்காரன்தான்.

டூட்டிங்வாசி:
இரண்டாவது அறிக்கை, கொஞ்சம் நீளம்.

நேற்று பாக்ஸ் ஹில். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மிதிகற்களை மட்டும் தண்ணீர் தொடாமல் தாண்டினேன், அதோடு சரி. படிக்கட்டில் ஓட முயன்றது பத்துப் படி. மேலே வந்து சாலமன்ஸ் மேடையில் நின்றால், கீழே வயல்கள் கட்டம் கட்டமாக, நடுவே புதர்வேலி கோடு, தூரத்தில் நீலமாய் அடுத்த குன்று. பக்கத்தில் ஒரு பெரியவர் நாயோடு நின்றார். இங்கே ஒருவரைத் தலைகீழாகப் புதைத்திருக்கிறார்கள் தெரியுமா என்றார். ஏதோ கதை விடுகிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே காட்டுக்குள் கல் இருக்கிறது. மேஜர் லபெலியர், 1800. உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, ஒரு நாள் அது புரண்டால் நான் மட்டும் நேராக நிற்பேன் என்று சொல்லிவைத்துப் புதைக்கச் செய்தாராம்.

அதற்குப் பிறகு யூ மரக் காடு. வெயில் உள்ளே வராது, வேர்கள் பாதையெங்கும் பாம்பு மாதிரி. அண்ணா சொன்ன சவர்க்காரம் அங்கேதான். வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு, நடுவே உடைந்த சக்கிமுக்கிக்கல். ஒருமுறை விழுந்தேன், உள்ளங்கை மட்டும் சிராய்ப்பு. புதிய ஷூ என்ன நிறம் என்று இனிக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் இருக்கும் இடம் வரை ஓக் கொட்டையை ஒழுங்காகத்தான் பிடித்துவந்தேன். அங்கே நாவல்பழம் மாதிரி கறுத்த பிளாக்பெர்ரி வேலி முழுக்கத் தொங்கியது. பறித்துத் தின்றுகொண்டே போனதில் ஒரு கம்பத்தை விட்டுவிட்டேன். நல்ல இறக்கம், காலும் ஒத்துழைத்தது, சந்தோஷமாக ஓடினேன். குன்றின் உச்சியில் இருக்க வேண்டியவன் அடிவாரத்தில் ஒரு குட்டி ஸ்டேஷனில் நின்றேன். பெட்ச்வர்த்.

திரும்ப ஏற மனமில்லை. வண்டி வர ஐம்பது நிமிடம். பிளாட்பாரத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தால் சுண்ணாம்புத் தண்ணீர். பையில் புளியோதரை இருந்தது, சாப்பிட்டேன். ஜிபிஎஸ் 9.2 கி.மீ. காட்டியது, 1 மணி 34 நிமிடம். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை.

ரைகேட் ஹில் மிச்சம் இருக்கிறது.

கோவைக்காரி:
அந்தக் கம்பத்தை நானும் விட்டிருக்கிறேன். எனக்கும் பிளாக்பெர்ரிதான் காரணம். ரைகேட் ஹில் உச்சியில் இரண்டு மரச் சிற்பம் பார்ப்பீர்கள், விமான இறக்கை நுனி மாதிரி. 1945 மார்ச்சில் ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் அங்கே மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிக்கு இருக்கும் தூரம்தான் அந்த விமானத்தின் அகலம். நடுவே நின்று பாருங்கள்.

அடுத்த ஞாயிறு நான் வருகிறேன், பெட்ச்வர்த்திலிருந்தே தொடங்கலாம். எட்டரை மணி வண்டி சரியா?

ஐந்துநிமிடம்:
நானும் வரலாமா? மேட்டில் நடப்பீர்கள்தானே?

வல்லைவெளி:
வாங்கோ. புளியோதரையைத் தம்பி கொண்டுவரட்டும், தேத்தண்ணி நான்.

டூட்டிங்வாசி:
எட்டரை சரி. இந்தச் சுண்ணாம்பு காய்ந்து கல்லாகிவிட்டது, ஷூவை எதால் தேய்ப்பது?

வல்லைவெளி:
தும்புக்கட்டை.